கோவையில் இடுக

அந்தக் குண்டூசி என் பெருவிரலுக்குள் ஏறியபோது நல்ல யாழ்ப்பாணத்துத் தூசணம் ஒன்றை உரத்துச் சொன்னேன். நிலவறையில் என் மொழி தெரிந்தவர் எவருமில்லை. அதனால் அங்கே நான் கஞ்சத்தனம் பாராமல் திட்டுவேன். தொண்ணூறு வருடத்துக்கு மேலாகத் தாளுக்குள் கிடந்து துருவேறிய ஊசி அது. கழற்றப் போனால் தாளையும் பிய்த்துக்கொண்டு வருகிற சாதி. நாலு தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது. மூன்று சின்னத் தாள்கள் பென்சிலில் எழுதியவை, நாலாவது பெரியது, மையில் எழுதியது. என் இரத்தம் ஒரு சொட்டு முதல் தாளின் ஓரத்தில் விழுந்துவிட்டது. ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவன் செய்யவே கூடாத குற்றம். ஒற்றுத்தாளை அமுக்கி எடுத்தேன். கறை போகவில்லை, இன்றைக்கும் போயிருக்காது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஒஸ்லோவில் ஒரு காப்பகத்தின் நிலவறையில் எனக்கு வேலை. ஊரில் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவன் நான். கோவை என்கிற ஃபைல், குறிப்பு, பதில், மேல்நடவடிக்கை என்று இருபத்து நாலு வயதிலேயே ஊறிப்போனவன். இஞ்சை வந்து மீன் வெட்டினேன், பஸ் கழுவினேன், கடைசியில் பழையபடி தாளுக்கே வந்து சேர்ந்தேன். அந்த வருடம் என் மேசைக்கு வந்தவை ஒரு பல்கலைக்கழக றெக்டரின் நிர்வாகத் தாள்கள். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். அதன் பெயரும் ஊரும் சொல்லமாட்டேன். அது பிறகு வேறொன்றோடு சேர்ந்து இல்லாமற் போய்விட்டது. மிஞ்சியது அறுபத்துச் சொச்சம் பெட்டிகள்தான்.

உண்மையைச் சொன்னால், அந்த மனிசனில் எனக்கு ஒரு பிரியம் வந்துவிட்டது. மாதக்கணக்காக ஒருவரின் கையெழுத்தோடு இருந்தால் வராமல் என்ன செய்யும். வருகிற கடிதம் ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் தன் முடிவைச் சாய்ந்த எழுத்தில் இரண்டு வரியாக எழுதி, கீழே பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிடுவார். அடித்தல் திருத்தல் கிடையாது. மாணவன் ஒருவனின் மேற்சட்டை களவு போனதற்கும் குறிப்பு, விரிவுரை மண்டபத்தில் புகைபோக்கி அடைத்ததற்கும் குறிப்பு. தகப்பன் செத்துப்போன ஒரு மாணவனுக்குப் பரீட்சையைத் தள்ளி வைத்துவிட்டு, அவனுடைய தாய்க்குத் தானே கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் கச்சேரியில் இப்படி ஒரு பெரியவர் இருந்திருந்தால் கும்பிட்டிருப்பேன் என்று நினைத்தேன். மற்றவர்கள் அவரைப் பெட்டி எண்ணால் சொன்னார்கள். நான் ‘எங்கடை றெக்டர்’ என்பேன்.

எங்கள் வேலை முறை இதுதான். ஊசி, கம்பி, துருப்பிடிக்கிற எதுவானாலும் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலில் போட வேண்டும். தாள்களை அமிலமில்லாத உறையில் வைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும். முழுவதையும் வாசிக்க நேரமில்லை. முதல் வரி, கடைசி வரி, ஓரக்குறிப்பு, அவ்வளவுதான். எங்கள் பிரிவுத் தலைவி ஒரு நோர்வேஜியப் பெண்மணி. நாங்கள் காப்பாற்றுகிறவர்கள், தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை என்று அடிக்கடி சொல்வார். அது எனக்குப் பிடித்த வாக்கியம். அந்த நாலு தாள்களிலும் ஓரக்குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு, ‘பணியாளர் விவகாரம், தீர்க்கப்பட்டது’ என்று எழுதி முடித்திருந்தேன். பிறகுதான் ஊசியைக் கழற்றினேன். அது குத்தி, இரத்தம் சிந்தி, கறை எந்த எழுத்தில் பட்டது என்று குனிந்து பார்க்கப் போய் வாசித்தேன்.

எழுதியவள் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் வக்ட்மெஸ்டருடைய மனைவி. வக்ட்மெஸ்டர் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள். கதவு திறந்து, உலை மூட்டி, பனி வழித்து, கட்டடத்தின் அடித்தளத்திலேயே குடும்பத்தோடு இருப்பவன். முதற் கடிதத்தில், கணவன் கரி அள்ளும் சவளால் தன் தோளில் அடித்ததாகவும், கை மேலே எழும்பாததால் மாடிப்படிகளைக் கழுவ முடியவில்லை என்றும், அதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். அடிவாங்கினதற்கு இல்லை, படி கழுவாததற்கு மன்னிப்பு. ஓரத்தில் றெக்டர்: ‘கணவனை அழைத்துப் பேசினேன். வருந்துகிறான். கோவையில் இடுக.’ இரண்டாவது கடிதம் ஐந்து மாதம் கழித்து. கர்ப்பமாயிருந்தவளை நிலவறைப் படியில் உதைத்து உருட்டியிருக்கிறான். பிள்ளை அன்றைக்கே போய்விட்டது. கல்லில் படிந்த இரத்தத்தைத் தானே கழுவியதாக எழுதியிருந்தாள். ஓரத்தில்: ‘இருவரையும் அழைத்துப் பேசினேன். இணக்கம் ஏற்பட்டது. கோவையில் இடுக.’ மூன்றாவது கடிதத்தில் இரண்டே வரி. ‘றெக்டர் அவர்களின் அன்புக்கு நன்றி. தயவுசெய்து இனி அவரோடு பேச வேண்டாம், நீங்கள் பேசிய ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து அதற்கும் சேர்த்து அடிக்கிறார்.’ ஓரத்தில் அதே சாய்ந்த எழுத்து: ‘மனைவி முறைப்பாட்டை மீளப்பெற்றுக்கொண்டார். கோவையில் இடுக.’

நாலாவது தாள் கணவன் எழுதியது. மனைவி இறந்துவிட்டாள், உடலை அவளுடைய ஊருக்குப் படகில் கொண்டுபோய் அடக்கம் செய்ய மூன்று நாள் விடுப்பு வேண்டும். எப்படி இறந்தாள் என்று ஒரு சொல் இல்லை, கேட்டதாகவும் இல்லை. ஓரத்தில்: ‘வழங்கப்படுகிறது. என் இரங்கலைத் தெரிவிக்க. மாடிப்படி கழுவ வேறொரு பெண்ணைப் பார்க்க.’ நாலு குறிப்பும் ஒரே கை, ஒரே சாய்வு, ஒரு நடுக்கமும் இல்லை.

எனக்கு இரத்தம் தலைக்கேறியது. பெட்டியை மூடிவிட்டு எழும்பி நடந்தேன். நாயே, உன்னைப் போய்க் கும்பிட நினைத்தேனே என்று சுவரைப் பார்த்துக் கத்தினேன். சுவரில் குத்தினதில் விரல் மொளியும் உரிந்தது. மத்தியானம் சாப்பாட்டு மேசையில் கண்ட எல்லோருக்கும் கதையைச் சொன்னேன். தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து எங்கள் காப்பகத்தில் தேடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை எதிரில் இருந்தாள். என் தமிழும் அவளுடைய தமிழும் ஒன்றையொன்று கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்துக்கொள்ளும், ஆனாலும் நாங்கள் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். நான் அந்த மனிசனைக் கிழித்துத் தோரணம் கட்டுவதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவரு செத்தே எவ்ளோ வருஷம் ஆச்சு சார், இப்ப யாரைத் திட்டிட்டு இருக்கீங்க?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பாண் துண்டைக் கடித்தேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு நாலு வயது மூத்தவள். நான்தான் முதலில் நோர்வேக்கு வந்தேன், நான்தான் அவளுக்கு இஞ்சை மாப்பிள்ளை பார்த்தேன். அத்தானை எல்லோருக்கும் பிடிக்கும். யார் வீட்டில் கலியாணம், சாமத்தியச் சடங்கு என்றாலும் சமையல் கிடாரம் தூக்க முதலாவதாக வந்து நிற்பார், கடைசியாகப் போவார். செத்தவீடு என்றால் சவப்பெட்டிக்குக் கீழே அவருடைய தோள்தான் முதலில். தங்கமான மனிசன் என்று நான் இருந்த புருசெத்தில் நாலு பேர் சொன்னதைக் கேட்டுத்தான் நான் சம்மதித்தேன். அவர்கள் ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடி வீடொன்றில் ஐந்தாம் மாடியில் இருந்தார்கள். ஒரு மகள். வீட்டுக் கதவைச் சாத்தினால் அந்தத் தங்கம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவர ஏழு வருடம் பிடித்தது. தெரியவந்த பிறகு நான் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது.

பொலிசுக்குப் போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பொலிஸ் வந்தால் பின்னாலேயே பார்னவேர்ன் வரும், அதாவது பிள்ளைகள் நலத் துறை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று எங்கள் சனத்துக்கு ஒரு நடுக்கம். அக்காவுக்கு அந்தப் பயம் எலும்புவரைக்கும் இருந்தது. ஆகவே எங்களுடைய வழக்கப்படி உறவுக்காரர் நாலு பேர் கூடினோம். அத்தானை நடுவில் இருத்தி, இனி அடிக்கமாட்டேன் என்று எழுதி வாங்கினோம். வாய்ச்சொல் காற்றோடு போய்விடும், எழுத்தில் இருந்தால் ஆள் பயப்படும் என்பது பெரியவர்களின் எண்ணம். சும்மா ‘இனிச் செய்யமாட்டேன்’ என்று எழுதினால் செல்லாது, என்ன செய்தீர்கள் என்பதை முதலில் எழுத வேண்டும் என்று சட்டம் பேசியவன் நான். கச்சேரிக்காரன் அல்லவா. நான் சொல்லச் சொல்ல அத்தான் எழுதினார். ‘நான் என் மனைவியை முகத்தில் அடித்து உதடு கிழிந்தது உண்மை.’ கீழே அவருடைய கையெழுத்து, அதற்குக் கீழே சாட்சியாக என்னுடையது. “நீதானே பேப்பர் வேலை பாக்கிறனி, நீயே பத்திரமா வச்சிரு,” என்றார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

அப்படி மூன்று கடிதங்கள் சேர்ந்தன. இரண்டாவதில், வீடு கூட்டும் தும்புத்தடியால் அடித்ததில் மணிக்கட்டு முறிந்தது உண்மை. லெகவக்ட்டில், அதுதான் இஞ்சத்தைய அவசர மருத்துவமனையில், பனியில் சறுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். மூன்றாவதில், கழுத்தை நெரித்தது உண்மை. அன்றைக்கு அக்கா மூலையில் இருந்து, கழுத்தைச் சுற்றி ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். குரல் வரவில்லை. அத்தான் அழுதார். ஒவ்வொரு முறையும் அழுவார். எழுதி முடித்ததும் எல்லோரும் சாப்பிட்டோம். நான் வீட்டுக்கு வந்து மூன்றாவதை மற்ற இரண்டோடு வைத்தேன். துருப்பிடிக்கக்கூடாது என்று வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் கிளிப், அமிலமில்லாத உறை. எல்லாம் முறைப்படி.

குண்டூசி குத்திய அந்த வாரக் கடைசி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அக்கா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றாள். நான் குசினிக் கதிரையில் இருந்துகொண்டு றெக்டரின் கதையை முழுவதும் சொன்னேன். சவள், படி, கழுவிய இரத்தம், விடுப்பு எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு மறுபடியும் கொதித்தது. மேசையில் அடித்து, “மூண்டு தரம் எழுதியிருக்கிறாள் அக்கா, மூண்டு தரம். அந்தப் பரதேசி ஒவ்வொரு தரமும் கூப்பிட்டுக் கதைச்சுப்போட்டு ஃபைலிலை வச்சிருக்கிறான்,” என்றேன். அக்கா அடுப்பைத் தணித்தாள். என்னைப் பாராமல் கேட்டாள்.

“அந்த மனிசிக்குச் சகோதரங்கள் ஒருத்தரும் இருக்கேல்லையோ?”

“ஃபைலிலை அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா,” என்றேன்.

அவள் சரி என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு எண்ணெயை வடித்தாள். நானும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். இரண்டாம் தரமும் கத்தரிக்காய் கேட்டு வாங்கினேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

புருசெத்துக்கு பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவளுடைய கேள்வி உள்ளே இறங்கியது. பாரம் தூக்கியவனுக்கு முதுகு பிறகுதான் வலிக்கும் என்பார்களே, அப்படி. கன்னம் சுட்டது. எனக்கு எதிரில் இருந்த கிழவர் சுகமில்லையா என்று கேட்டார். இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். அடுத்த பஸ் பத்து நிமிடத்தில் வந்திருக்கும். இப்போது திரும்பினால் அத்தான் வேலை முடிந்து வந்து நிற்பார், பிரச்சினையாகும், சனிக்கிழமை ஆறுதலாகப் போய்க் கதைப்போம் என்று எனக்கு நானே தேதி குறித்துக்கொண்டேன். றெக்டர் இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

சனிக்கிழமை வெளிக்கிட்டுக்கொண்டு நிற்கிறேன், போன் அடித்தது. மருமகள். பதினொரு வயது, இஞ்சை பிறந்த பிள்ளை. அவளுடைய குரல் அதிராமல் இருந்தது, அதுதான் எனக்கு முதலில் பயமாக இருந்தது. “மாமா, அம்மா எழும்புறா இல்லை. அம்புலான்ஸுக்கு அடிச்சிட்டன். அதுக்குப் பிறகுதான் உங்களுக்கு அடிக்கிறன்.” பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த வரிசை. அந்த வரிசை சரியானது என்பதைப் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கீழே அம்புலன்ஸ் நின்றது. மேலே கதவு திறந்து கிடந்தது. அக்காவை ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிப்பெட்டியால் அடித்திருக்கிறார். சூடாக இருந்த பெட்டி. இடது காதும் தாடையும் இருந்த இடத்தில் நான் பார்த்ததை எழுதமாட்டேன். சுவரில் தெறித்திருந்தது, இஸ்திரி போட்டு மடித்து வைத்த பள்ளிக்கூடச் சட்டைகளிலும் தெறித்திருந்தது. மருமகளை ஒரு பொலிஸ்காரி தன் உடம்போடு சேர்த்து அணைத்து, முகத்தை மறுபக்கம் திருப்பி வைத்திருந்தாள். அத்தான் சோபாவில் இருந்தார். பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர். என்னைக் கண்டதும் அவருடைய முகத்தில் ஒரு ஆறுதல் வந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, எவ்வளவு வடிவான ஆறுதல்.

“மச்சான், ஒரு பேப்பர் கொண்டா,” என்றார். “எழுதித் தாறன்.”

நான் அவர்மேல் பாய்ந்தேன். என்ன செய்தேன் என்று ஒழுங்காக நினைவில்லை. என் முழங்கை அவருடைய மூக்கில் இறங்கி எலும்பு நொறுங்கிய சத்தம் நினைவிருக்கிறது, அவருடைய காதை நான் கடித்தது நினைவிருக்கிறது, வாயில் உப்புக் கரித்தது. பொலிஸ்காரர் இருவரும் என்னைப் பிய்த்து எடுத்து நிலத்தில் குப்புறப் போட்டு முதுகில் முழங்காலை வைத்தார்கள். நிலத்தில் கிடந்தபடியே இன்னும் அடிக்க வேண்டும் என்று கை துடித்தது. அடித்தது இனித்தது, பொய் சொல்லவில்லை. இந்த இனிப்பைத்தான் இவர் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சுவைத்தாரோ என்று ஒரு எண்ணம் வந்தபோது எனக்கு வாந்தி வந்தது. அவர்களுடைய கம்பளத்திலேயே எடுத்தேன். அக்காவை அந்நேரம் லிஃப்ட்டுக்குள் ஏற்றிவிட்டார்கள்.

அவள் பிழைத்தாள். இடது காது போய்விட்டது, தாடையில் தகடு. பேச மூன்று மாதம் ஆனது. பார்னவேர்ன் வந்தது, பிள்ளையைப் பறிக்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை என்னிடமே விட்டார்கள், கிழமைக்கு ஒருதரம் வந்து பார்த்தார்கள். எந்தப் பூதத்துக்குப் பயந்து இவ்வளவு காலமும் ஒளித்தோமோ, அது சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு என் வீட்டில் தேத்தண்ணி குடித்தது. பொலிஸ் என்னை விசாரித்தபோது அந்த உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மொழிபெயர்ப்பு வந்ததும் விசாரணை செய்த அதிகாரி என்னை வியப்போடு பார்த்தார். தேதி, செய்த செயல், செய்தவரின் கையெழுத்து, சாட்சி, எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கும் வழக்கு தனக்குக் கிடைத்ததேயில்லை என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

வழக்கில் அந்த மூன்று கடிதங்களும்தான் அத்தானை உள்ளே தள்ளின. சறுக்கி விழுந்தாள், தானே மோதிக்கொண்டாள் என்று அவருடைய தரப்புச் சொன்னதெல்லாம் அவருடைய எழுத்துக்கு முன்னால் நிற்கவில்லை. எங்கள் சனத்தில் சிலர் நான் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்றார்கள். சிலர், எழுதி வாங்கி வைத்தவன் கெட்டிக்காரன், முன்யோசனைக்காரன் என்றார்கள். அரச தரப்பு வழக்கறிஞர் ஒரு இளம்பெண். என்னைச் சாட்சிக் கூண்டில் வைத்து மூன்று தாள்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது உங்கள் கையெழுத்தா, ஆம். இதுவும், ஆம். இதுவும், ஆம். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார், ஒவ்வொரு முறையும் கையெழுத்திட்ட பிறகு என்ன செய்தீர்கள் என்று.

“கோவையில் வைத்தேன்,” என்றேன்.

அந்த மண்டபத்தில் யாரோ இருமினார்கள். அக்கா முன்வரிசையில், கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அந்த நாலு தாள் உறையை எடுத்தேன். ‘பணியாளர் விவகாரம், தீர்க்கப்பட்டது’ என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினேன்: ‘வக்ட்மெஸ்டரின் மனைவி தன்னைக் கணவன் அடிப்பதாக மூன்று முறை எழுதியது. றெக்டர் மூன்று முறை பேசியது. அவள் இறந்தது.’ பிரிவுத் தலைவி வந்து வாசித்தார். கணவன்தான் கொன்றான் என்பதற்குத் தாளில் ஆதாரம் இல்லையே என்றார். கொன்றான் என்று நான் எழுதவில்லை, நடந்ததை வரிசையாக எழுதினேன் என்றேன். அவர் என் தோளில் கை வைத்தார். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குண்டூசியைப் போத்தலில் போடாமல் வைத்துக்கொள்ளலாமா என்று பின்னேரம் கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

றெக்டரை இப்போது நான் திட்டுவதில்லை. மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அவர் கெட்டவர் என்று நினைத்தவரைக்கும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தகப்பனில்லாத மாணவனின் தாய்க்கு எழுதிய அதே மனிசன், அதே பேனா, அதே நல்ல மனசு என்பதுதான் தாங்க முடியாதது. அவரும் சமாதானம் செய்து வைத்ததாகத்தான் நினைத்துக்கொண்டு நித்திரைக்குப் போயிருப்பார். நானும் அப்படித்தான் போனேன்.

அக்கா இப்போது லில்லெஸ்ட்ரோமில் இருக்கிறாள், மகளோடு. முதியோர் இல்லமொன்றில் வேலை. நான் மாதத்தில் இரண்டு தரம் போவேன். ரயில் ஹவுகன்ஸ்டுவாவில் நின்றுதான் போகும், அந்த இடத்தில் நான் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். கடிதங்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று ஒருநாள் சொன்னபோது, கொண்டு வா, நான் ஒருநாளும் வாசிக்கவில்லை என்றாள். உண்மைதான். மூன்று முறையும் அவளைப் பற்றி எழுதினோம், ஒரு முறையும் அவளிடம் காட்டவில்லை. அடுத்த முறை கொண்டுபோனேன். ஏன் என்று தெரியாமல் அந்தக் குண்டூசியையும் ஒரு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன், அதன் கதையையும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் மூன்று தாள்களையும் பக்கம் பக்கமாக விரித்து, கண்ணாடி போட்டு, ஆறுதலாக வாசித்தாள். அத்தான் எழுதிய இடத்தில் அவளுடைய விரல் நிற்கவில்லை. அதற்குக் கீழே போய் நின்றது.

“மூண்டிலையும் உன்ரை கையெழுத்து ஒரே மாதிரி இருக்கு தம்பி,” என்றாள். “ஒரு நடுக்கமும் இல்லை.”

கோபமில்லை. பார்த்ததைச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் செவிடான பக்கம் என் பக்கமாக இருந்தது, திரும்பவில்லை. பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, தீப்பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தாள். மூன்று தாள்களையும் அடுக்கித் தட்டி நேராக்கி, அத்தானின் பெயரை விட்டு, என் பெயருக்குள்ளால் குத்தினாள். துருப்பிடித்த ஊசி சுலபமாக ஏறவில்லை, இரண்டு கையாலும் அமுக்கினாள்.

“கறை பிடிக்குமக்கா,” என்றேன். பழக்கதோஷம்.

“பிடிக்கட்டும்,” என்று என் கையில் தந்தாள். “நீதானே வச்சிருக்கிறனி.”

என் வீட்டு அலுமாரியில்தான் இருக்கின்றன, உறை இல்லாமல். போன கிழமை எடுத்துப் பார்த்தேன். ஊசியைச் சுற்றித் துரு படரத் தொடங்கியிருக்கிறது. என் பெயரின் நடு எழுத்து பாதி போய்விட்டது. ஊசி கழற்றுவதுதான் என் தொழில், தாளைக் கிழிக்காமல் கழற்ற எனக்குத் தெரியும். நான் கழற்றவில்லை.